பிளஸ் டூ விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு: எதற்குப் பணம் கட்டலாம், எதற்கு வேண்டாம்

பிளஸ் டூ ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, "இந்தப் பாடத்துல எனக்கு இவ்வளவு கம்மியா வர வாய்ப்பே இல்ல" என்று நினைக்கும் மாணவருக்குத் தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககம் மூன்று வசதிகள் தருகிறது: விடைத்தாளின் ஸ்கேன் நகல், மறுகூட்டல் (போட்ட மதிப்பெண்களை மறுபடி கூட்டிப் பார்ப்பது), மறுமதிப்பீடு (விடைத்தாளை மறுபடி திருத்துவது). மூன்றுக்கும் தனித்தனிக் கட்டணம். இவற்றில் நகல் அருமையான சேவை. தயங்காமல் பணம் கட்டலாம். மறுமதிப்பீடு, நகலைப் பார்த்த பிறகு தெளிவான காரணத்தோடு கேட்டால் பயன் தரும். நகலே பார்க்காமல் முதல் நாளே கேட்கும் மறுகூட்டல் பெரும்பாலும் இருட்டில் கை துழாவுவதுதான்.

கட்டணத்தை முதலில் பார்த்துவிடலாம். கடந்த பல ஆண்டுகளாக அறிவிப்பில் வந்துகொண்டிருக்கும் தொகை இது: விடைத்தாள் நகலுக்குப் பாடம் ஒன்றுக்கு 275 ரூபாய். மறுகூட்டலுக்கு உயிரியலுக்கு மட்டும் 305, மற்ற பாடங்களுக்கு 205. மறுமதிப்பீட்டுக்குப் பாடம் ஒன்றுக்கு 505. உயிரியலில் உயிர்-தாவரவியல், உயிர்-விலங்கியல் என்று இரண்டு பகுதிகளைக் கூட்டவேண்டியிருப்பதால் அங்கே தொகை கூடுதல். ஆக, ஒரு பாடத்துக்கு நகல் வாங்கி மறுமதிப்பீடு வரை போனால் 780 ரூபாய். நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுகூட்டலோடு நின்றால் 480. உங்கள் ஆண்டுக்கான அறிவிப்பில் தொகை மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சேவையில் பலர் சறுக்குவது முதல் வாரத்தில்தான். முடிவு வந்த சில நாட்களிலேயே விண்ணப்பம் தொடங்கி, ஐந்து நாட்கள் போல ஓடி முடிந்துவிடும். 2024-ல் மே 6-ஆம் தேதி முடிவு வந்தது. மே 7 முதல் 11 வரைதான் விண்ணப்பிக்க முடிந்தது. அந்தச் சில நாட்களுக்குள் மாணவர் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முடிவு எடுக்கவேண்டும்: நகல் வேண்டுமா, மறுகூட்டல் வேண்டுமா? இரண்டையும் ஒரே பாடத்துக்கு அப்போது கேட்க முடியாது. மறுமதிப்பீடு வேண்டும் என்றால் முதலில் நகலுக்குக் கட்டாயம் விண்ணப்பித்திருக்க வேண்டும். நகல் கேட்டவருக்கு, அது கைக்கு வந்த பிறகு மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்க இன்னொரு வாய்ப்பு உண்டு. முதலிலேயே மறுகூட்டல் மட்டும் கேட்டவருக்கு மறுமதிப்பீட்டுக்கான வழி அத்தோடு அடைபட்டுவிடும். "70 ரூபாய் குறைச்சலாச்சே" என்று மறுகூட்டலைத் தேர்ந்தெடுப்பவர்கள், அந்த 70 ரூபாயோடு பெரிய வாய்ப்பையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். இது அறிவிப்பில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் ரிசல்ட் வந்த வீட்டில் அந்த வாரம் யாருக்கும் நிதானமாக அறிவிப்பைப் படிக்கும் மனநிலை இருப்பதில்லை. பள்ளியில் ஓர் ஆசிரியர் மாணவர்களை உட்காரவைத்து இந்த ஒரு விஷயத்தை மட்டும் சொன்னால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விண்ணப்பிக்கும் முறை எளிது. பள்ளியில் படித்தவர்கள் தங்கள் பள்ளி வழியாகவும், தனித்தேர்வர்கள் தேர்வு எழுதிய மையம் வழியாகவும் விண்ணப்பிக்கவேண்டும். பணத்தை அங்கேயே ரொக்கமாகக் கட்டவேண்டும். பள்ளியில் ஆன்லைனில் பதிந்துவிட்டு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டில் இருக்கும் விண்ணப்ப எண்ணை வைத்துத்தான் பிறகு நகலைப் பதிவிறக்க முடியும். ஆகவே சீட்டை வாங்கிய இடத்திலேயே பதிவெண், பாடம், 'நகல்' என்றுதான் பதிவாகியிருக்கிறதா என்ற மூன்றையும் சரிபாருங்கள். உடனே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வேதியியலுக்குக் கேட்டது இயற்பியலுக்குப் பதிவானால், கெடு முடிந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

நகல் வெளியாகும் தேதியை இயக்ககம் தனியாக அறிவிக்கும். இணையதளத்தில் கேட்கும் விவரங்களைக் கொடுத்தால் விடைத்தாள் முழுவதும் திறக்கும். சேவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நியாயமாகத் திருத்தினார்களா என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த பிள்ளை, தன் கையெழுத்தையும் அதன் மேல் விழுந்த சிவப்பு மையையும் நேருக்கு நேர் பார்க்கிறது. சந்தேகம் உண்மையா இல்லையா என்பது பல நேரம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். "இங்க நான்தான் யூனிட் எழுதாம விட்டிருக்கேன்" என்று பிள்ளையே சொல்லிவிட்டால், அந்த 275 ரூபாய்க்குக் கிடைத்த நிம்மதி சாதாரணமானதல்ல. தேர்வு எழுதியவர் தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதை மனத்தில் வைத்துப் பார்த்தால், நகல் கேட்பது யாரிடமும் சலுகை கேட்பதல்ல. கூச்சப்படவே தேவையில்லை.

நகலைப் பார்க்கும் விதம்

செல்போன் திரையில் பார்க்காதீர்கள். பிரின்ட் எடுங்கள். பக்கங்கள் விடுபடாமல் வரிசையாக இருக்கின்றனவா, கிராஃப் தாள் இணைத்திருந்தால் அதுவும் ஸ்கேன் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கையெழுத்து உங்களுடையதுதானா என்பதையும் பாருங்கள். கேட்கவே வேண்டாத கேள்வி போலத் தோன்றும்; ஆனாலும் பாருங்கள்.

அடுத்து ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: கேள்வி எண், உள்ளே விடையின் பக்கத்தில் போட்டிருக்கும் மதிப்பெண், முகப்புப் பட்டியலில் ஏற்றியிருக்கும் மதிப்பெண், விடைக்குறிப்பின்படி (எந்த விடைக்கு எவ்வளவு என்று திருத்துபவர்களுக்குக் கொடுக்கும் குறிப்பு) வரவேண்டிய மதிப்பெண். நான்காவது கட்டத்தை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். முதல் மூன்றை நிரப்பினாலே கூட்டல் பிழை இருந்தால் வெளியே வந்துவிடும்.

செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70-க்கு. இயற்பியலை எடுத்துக்கொண்டால் ஒரு மதிப்பெண் 15 கேள்வி, இரண்டு மதிப்பெண் 6, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5. அதாவது 15, 12, 18, 25. கணிதம் போலச் செய்முறை இல்லாத பாடத்தில் 90-க்கு: 20, 14, 21, 35. இந்தப் பகுதிவாரிக் கணக்கைத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். உதாரணமாக, இயற்பியலில் ஐந்து மதிப்பெண் விடைகளுக்கு உள்ளே 5, 4, 5, 3, 5 என்று இருந்து, முகப்பில் அந்தப் பகுதிக்கு 19 என்று ஏறியிருந்தால் மூன்று மதிப்பெண் காணாமல் போயிருக்கிறது. இது கூட்டல் பிழை. இதற்கு 205 ரூபாய் மறுகூட்டல் போதும், 505 கட்டவேண்டாம்.

பிழை எங்கே ஒளிந்துகொள்கிறது என்று தெரிந்தால் தேடுவது சுலபம். ஒரு விடையைப் பாதியில் விட்டு, நாலைந்து பக்கம் தள்ளி அதன் தொடர்ச்சியை எழுதியிருப்பார்கள். முதல் பாதிக்கு மட்டும் மதிப்பெண் விழுந்திருக்கும். ஒரு மதிப்பெண் கேள்விகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பார்கள். அது கண்ணில் படாமல் போயிருக்கும். கேள்வி எண் தவறாகப் போட்டிருப்பார்கள். ஒரு விடையை அடித்துவிட்டுக் கீழேயே திரும்ப எழுதியிருப்பார்கள். திருத்துபவர் அடித்ததோடு சேர்த்து அதையும் தாண்டிப் போயிருப்பார். டிக் இருக்கும், எண் இருக்காது. இப்படி மதிப்பெண்ணே போடாமல் விட்ட விடை கிடைத்தால் மறுமதிப்பீட்டுக்குப் போவதுதான் பாதுகாப்பு. மறுகூட்டல் என்பது அடிப்படையில் போட்டிருக்கும் எண்களைக் கூட்டிப் பார்ப்பது.

இத்தனைக்கும் திருத்தும் முகாமில் ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. உதவித் தேர்வாளர் திருத்துவார், கூர்ந்தாய்வு அலுவலர் கூட்டலையும் விடுபட்டதையும் பார்ப்பார், மேலே முதன்மைத் தேர்வாளர் இருப்பார். மாணவரின் பெயரும் பதிவெண்ணும் உள்ள பகுதியைப் பிரித்துவிட்டு, யாருடையது என்று தெரியாதபடிதான் விடைத்தாள் திருத்துபவர் கைக்குப் போகும். எனவே "அந்த சார் வேணும்னே போட்டுட்டார்" என்ற சந்தேகத்துக்குப் பொதுத்தேர்வில் இடம் மிகக் குறைவு. நடப்பவை பெரும்பாலும் களைப்பிலும் அவசரத்திலும் வரும் பிழைகள். பிள்ளைகளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். யாரோ தன்மேல் வஞ்சம் வைத்திருக்கிறார்கள் என்ற எண்ணத்தோடு கல்லூரிக்குள் நுழையவேண்டாம்.

விடைக்குறிப்பு இல்லாமல் மறுமதிப்பீடு வேண்டாம்

இப்போது அந்த நான்காவது கட்டம். இதை மாணவரும் பெற்றோரும் நிரப்பக்கூடாது. அந்தப் பாடத்தில் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்வந்த ஆசிரியர் ஒருவரிடம் பிரின்ட்டைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். டியூஷன் ஆசிரியரைவிட இவர் மேல், ஏனென்றால் மதிப்பெண்ணை எந்த இடத்தில் எவ்வளவு பிரித்துக் கொடுக்கவேண்டும் என்ற விடைக்குறிப்போடு உட்கார்ந்து திருத்தியவர் இவர். மாணவருக்குச் சரி என்று தோன்றுவதும் விடைக்குறிப்பில் மதிப்பெண் இருப்பதும் வேறு வேறாக இருக்கலாம்.

ஒரு மதிப்பெண் கேள்வியில் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதவேண்டும் என்று வினாத்தாளிலேயே இருக்கும். 'ஆ' என்று போட்டுவிட்டு 'இ'-யின் விடையை எழுதியிருந்தால் இயற்பியல் விடைக்குறிப்பின்படி பூஜ்யம்தான். "விடை சரிதானே" என்று அதற்காக மறுமதிப்பீடு கேட்பதில் பயனில்லை. வரைபடத்தில் எந்த அச்சு எந்த இயற்பியல் அளவைக் காட்டுகிறது என்று குறிக்கவேண்டும் என்றும் அதில் உண்டு. ஆனால் கணக்கு ஒன்றில் சூத்திரத்தை எழுதாமல், நேரடியாக மதிப்புகளைப் போட்டு, விடையும் சரியாகக் கொண்டுவந்திருந்தால், சூத்திரத்துக்கான மதிப்பெண் மட்டும் போகும்; மற்றப் படிகளுக்கு உண்டு. மூன்று மதிப்பெண் கணக்கு ஒன்றில் இப்படிச் செய்தவருக்கு மொத்தமாகப் பூஜ்யம் விழுந்திருந்தால், மறுமதிப்பீட்டுக்கு அது நல்ல காரணம். அதேபோல, விளக்க விடைகளில் கருத்து மாறாமல், எந்தக் குறிப்பும் விடுபடாமல் சொந்த நடையில் எழுதலாம் என்று இயற்பியல் விடைக்குறிப்பு சொல்கிறது. பாடப்புத்தக வரி அப்படியே இல்லை என்பதற்காகக் குறைத்திருந்தால், அதற்கும் கேட்கலாம்.

இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் கட்டாய வினா ஒன்று இருக்கும். இயற்பியலில் 24-ஆம், 33-ஆம் கேள்விகள். அதை விட்டுவிட்டு வேறு ஆறு கேள்விகளை எழுதிவிட்டு, "ஆறும் சரியாத்தானே எழுதினேன், ரெண்டு மார்க் எங்க?" என்று குழம்புபவர்கள் நிறைய. நகல் வந்ததும் இதை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

மொழிப் பாடங்களில் கொஞ்சம் நிதானம் வேண்டும். இலக்கணம், மனப்பாடப் பகுதி போன்றவற்றில் தவறு நடந்திருந்தால் காட்டிவிடலாம். நெடுவினாவிலும் கட்டுரையிலும் "எட்டு பக்கம் எழுதினேனே" என்பது காரணமாகாது. அங்கே இன்னொருவர் திருத்தினாலும் முதலில் வந்ததை ஒட்டித்தான் வரும். கணிதம், இயற்பியல், வேதியியல், கணக்குப்பதிவியல் போலப் படிப்படியாக மதிப்பெண் விழும் பாடங்களில்தான் மறுமதிப்பீட்டுக்குச் செலவிடும் பணத்துக்கு அர்த்தம் அதிகம்.

மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பது பள்ளியில் அல்ல. இணையதளத்தில் படிவத்தைப் பதிவிறக்கி, நிரப்பி, இரண்டு பிரதிகளாக, அறிவிப்பில் சொல்லியிருக்கும் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்து, பணமும் அங்கே கட்டவேண்டும். இதற்கும் சில நாட்கள்தான் கெடு. படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் நிபந்தனைகளை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கேள்வி வாரியாகக் கேட்கும் வசதி இங்கே இல்லை. விடைத்தாள் முழுவதும்தான் மறுபடி திருத்தப்படும். ஆகவே ஐந்து மதிப்பெண் வரவேண்டிய ஓர் இடத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடாமல், மற்ற இடங்களில் தாராளமாகப் போட்டிருக்கிறார்களா என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள். தாளில் ஒன்றோ இரண்டோ மதிப்பெண் வித்தியாசம் மட்டும், அதுவும் கருத்து வேறுபாடாகத் தோன்றினால், விட்டுவிடுவதே நல்லது.

எந்தப் பாடத்துக்குச் செலவு செய்வது?

ஆறு பாடத்துக்கும் நகல் வாங்கினால் 1,650 ரூபாய். எல்லாருக்கும் அது தேவையில்லை. பிள்ளை அடுத்து எங்கே சேரப்போகிறது என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 3 மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபில் 3 கூடும். இயற்பியலில் 3 கூடினால் ஒன்றரைதான். தமிழில் பத்தே கூடினாலும் அங்கே ஒன்றும் மாறாது. அரசு கலை அறிவியல் கல்லூரி என்றால் பொதுவாக மொழிகள் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண் கணக்கு; தமிழ் இலக்கியமோ ஆங்கில இலக்கியமோ படிக்க விரும்பினால் அந்த மொழிப் பாட மதிப்பெண். நீட் எழுதி மருத்துவம் போகும் பிள்ளைக்கு, பிளஸ் டூவில் தகுதிக்கான குறைந்தபட்சம் வந்துவிட்டால் போதும், ரேங்க் நீட்டில்தான். வீட்டில் பணம் இறுக்கமாக இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டு ஒரே ஒரு பாடத்துக்கு நகல் வாங்குங்கள், போதும்.

மறுமதிப்பீட்டு முடிவுக்காகக் காத்திருந்து கலந்தாய்வுப் பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். கையில் இருக்கும் மதிப்பெண்ணோடு பதிந்துவிடுங்கள். மாற்றம் வந்தால் உதவி மையத்தில் உடனே தெரிவியுங்கள்.

இந்தச் சேவைக்கு எட்டாத இடம் ஒன்று இருக்கிறது: செய்முறைக்கான 20, அகமதிப்பீட்டுக்கான 10. நகலிலும் மறுமதிப்பீட்டிலும் இவை வராது. வருகைப்பதிவு, உள்தேர்வு, ஒப்படைவு போன்றவற்றுக்கான அந்த 10-ஐப் பள்ளிதான் அனுப்புகிறது. அதில் குறை இருப்பதாகத் தோன்றினால், மதிப்பெண் மேலே போவதற்கு முன்பே, அதாவது பொதுத்தேர்வுக்கு முன்பே, வகுப்பாசிரியரிடம் கேட்டுவிடவேண்டும். "சார், எனக்கு எதுல குறைஞ்சிருக்குன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிக்குவேன்" என்று கேட்டால் எந்த ஆசிரியரும் பதிவேட்டைக் காட்டிவிடுவார். மே மாதம் வந்து கேட்டால் அவராலும் ஒன்றும் செய்யமுடியாது.

குறைகளையும் சொல்லவேண்டும். மறுகூட்டல், மறுமதிப்பீட்டு முடிவு வரும்போது மாற்றம் உள்ளவர்களின் பதிவெண் மட்டுமே பட்டியலில் வரும். எண் இல்லையென்றால் மாற்றம் இல்லை, அவ்வளவுதான். ஏன் மாறவில்லை, எந்தக் கேள்வியை எப்படிப் பார்த்தார்கள் என்று ஒரு வரிகூடக் கிடையாது. 780 ரூபாய் கட்டிய பிள்ளைக்கு ஒரு விளக்கம் கிடைப்பது நியாயம். நகலை வீட்டிலிருந்தே பதிவிறக்க முடிகிற காலத்தில், மறுமதிப்பீட்டுக்கு மட்டும் பேப்பரையும் ரொக்கத்தையும் எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறவேண்டியிருக்கிறது. ஊர் தள்ளியிருக்கும் கூலித் தொழிலாளி வீட்டுக்கு ஒரு நாள் வேலையும் போகும். இதை இயக்ககம் ஆன்லைனுக்கு மாற்றவேண்டும். விடைக்குறிப்பை நகலோடு சேர்த்தே கொடுத்தால், தேவையில்லாத விண்ணப்பங்கள் தாமாகவே குறைந்துவிடும்.

சிபிஎஸ்இயும் 2025-ல் முறையை மாற்றி, முதலில் நகல், அதைப் பார்த்த பிறகு சரிபார்ப்போ மறுமதிப்பீடோ என்று ஆக்கியது. அந்த ஆண்டு 12-ஆம் வகுப்பு நகலுக்கு 700 ரூபாய், மறுமதிப்பீட்டுக்குக் கேள்வி ஒன்றுக்கு 100 ரூபாய். ஒரு மதிப்பெண் குறைந்தாலும் குறைந்ததுதான். அந்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் நகல் நம்முடையது மலிவு. ஒரே ஒரு கேள்விதான் பிரச்சினை என்றால் அவர்கள் முறை மேல். இங்கேயும் கேள்வி வாரியாகக் கேட்கும் வசதி வந்தால் பலருக்குப் பணம் மிச்சமாகும்.

முடிவு வரும் மே மாதத்தில் "உள்ளே ஆள் இருக்காங்க, மார்க் ஏத்தித் தர்றோம்" என்று போன் செய்பவர்களும் உண்டு. விண்ணப்பம் பள்ளியிலும் தேர்வு மையத்திலும் அறிவிப்பில் சொல்லியிருக்கும் மாவட்ட அலுவலகத்திலும் மட்டும்தான். நடுவில் யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கத் தேவையில்லை. பதிவெண்ணையும் பிறந்த தேதியையும்கூடச் சொல்லாதீர்கள்.

கடைசியாக, தேர்ச்சி பெறாத பிள்ளைகள். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வில் 70-க்குக் குறைந்தது 15 வேண்டும், மொத்தம் 35 வேண்டும். செய்முறை இல்லாத பாடத்தில் 90-க்கு 25, மொத்தம் 35. எழுத்துத் தேர்வில் 14 வாங்கி, செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழுதாக 30 வாங்கி 44 வைத்திருக்கும் பிள்ளைகூடத் தேர்ச்சி பெறாது. இந்த விளிம்பில் நிற்பவர்கள் யோசிக்காமல் நகல் வாங்குங்கள். ஒரே மதிப்பெண் ஓர் ஆண்டைக் காப்பாற்றும் இடம் இதுதான். அதோடு, ஜூன் இறுதியில் வரும் துணைத் தேர்வுக்கும் பள்ளியில் விண்ணப்பித்துவிடுங்கள். மறுமதிப்பீட்டு முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் துணைத் தேர்வுக்கான கெடு முடிந்துவிடக்கூடும். மறுமதிப்பீட்டில் தேர்ச்சி வந்துவிட்டால் துணைத் தேர்வுக் கட்டணம் மட்டும்தான் நட்டம்.